பின் கியரில் மலை இறங்கினோம்

எனக்குக் கார் என்றால் இன்றும் பயம்தான். சும்மா நிற்கிற காரின் கதவைத் திறந்தால்கூட ஓரடி பின்வாங்கிவிடுவேன். ஏறி உட்கார்ந்துவிட்டால் ரோட்டைப் பார்க்கமாட்டேன், ஓட்டுகிறவரின் கையைத்தான் பார்ப்பேன். கியர்க் கம்பியை எந்தப் பக்கம் தள்ளுகிறார், எந்தப் பக்கம் இழுக்கிறார் என்று கண் தானாக அங்கே போய்விடும். "என்னம்மா, என் கையையே பாக்குறீங்க?" என்று ஒரு டாக்சிக்காரர் கேட்டேவிட்டார். உன் வேலையைப் பாரப்பா என்றேன். அவருக்கு உட்கார்ந்து கதை சொல்ல முடியுமா?

வண்டன்மேட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. என் வீட்டுக்காரரின் ஆட்கள் கம்பத்துப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். வீட்டில் அவர், அவருடைய தம்பி, என் மாமியார், நான், அவ்வளவு பேர்தான். முதல் பிள்ளைக்கு வலி கண்டபோது மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி என்னைக் கிடத்திக் குமுளிப் பாதையில் கொண்டுபோனார்கள். கம்பத்தில் பிரசவம் பார்க்கிற நர்சம்மா ஒருவர் இருந்தார், அவரிடம் போவதாக ஏற்பாடு. பாதி வழிகூடப் போகவில்லை. வண்டியிலேயே பிறந்தது, உயிரில்லாமல். நர்சம்மா பிற்பாடு என்னைப் பார்த்துவிட்டு, நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதைக் கேட்ட பிறகு நான் தூங்கின நாள் கொஞ்சம்.

இரண்டாவது தங்கியதும் சந்தோஷப்பட வேண்டியவள் பயந்து செத்தேன். வயிற்றில் அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் போலிருக்கிறது. பீருமேட்டுப் பக்கம் ஒரு துரை சீமைக்குக் கிளம்பும்போது கழித்துவிட்ட பழைய காரை வாங்கிக்கொண்டு வந்து, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் நிறுத்தினார். "இந்தத் தடவ மாட்டுவண்டி கெடையாது" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் கீழே ஒரு பஸ் முதலாளியிடம் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கிறார். அந்தக் கொஞ்ச காலத்தை வைத்துக்கொண்டு, கார் விஷயத்தில் தமக்கு மேல் ஆள் கிடையாது என்ற நினைப்பு அவருக்கு.

கார் வந்த புதிதில் நன்றாகத்தான் ஓடியது. மழை பிடித்த பிறகு பின்பக்கத்திலிருந்து கொரகொரவென்று ஒரு சத்தம். ஏற்றத்தில் அதிகம், இறக்கத்தில் கொஞ்சம். நான் உள்ளே உட்கார்ந்தால் அந்தச் சத்தம் நேரே என் இடுப்புக்குள் வந்து கொரகொரக்கும். "டிபரன்ஷியல்ல பேரிங் போயிருச்சு. கழட்டி மாத்தணும்" என்றார்.

டிபரன்ஷியல் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நன்றாகத் தெரியும். பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவே, அச்சில், பூசணிக்காய் பருமனில் ஓர் இரும்புக் கூடு இருக்கும். இன்ஜின் சுற்றுகிற சுற்றை வாங்கிச் சக்கரங்களுக்குத் திருப்பிக் கொடுக்கிற பல்சக்கரங்கள் அதற்குள் இருக்கின்றன. அது இல்லையென்றால் இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் வண்டி நின்ற இடத்தில்தான் நிற்கும்.

"இப்பக் கழட்டாதீங்க. எனக்கு மாசமாச்சு" என்றேன்.

"கழட்டாம விட்டா நடு மலையில நிக்கும். அங்க நின்னா என்ன செய்வ?"

ஆயுத பூசை முடிந்த கையோடு என்னைக் கீழே கொண்டுபோய் நர்சம்மா வீட்டுப் பக்கத்தில் தங்க வைப்பதென்று பேச்சு. அதற்குள் மாட்டிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். மதுரையிலிருந்து பேரிங்கும் வந்து சேர்ந்தது.

அண்ணனும் தம்பியுமாகக் காரை ஸ்டோருக்குள் தள்ளி, உத்தரத்தில் சங்கிலி கட்டிப் பின்பக்கத்தைத் தூக்கினார்கள். அடியில் மரத்துண்டுகளை அடுக்கி நிறுத்திவிட்டு, சக்கரங்களைக் கழற்றி, முழு அச்சையும் கீழே இறக்கினார்கள். பின்னங்கால் இல்லாத கார் அந்தரத்தில் தொங்குவதைக் கதவோரம் நின்று பார்த்தேன். என் பிள்ளையைக் கீழே கொண்டுபோகப் போகிறது இதுதானா என்று நினைத்தேன். கூட்டைப் பிளந்து உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்தார்கள். அவர் ஒன்றில் மட்டும் கவனமாக இருந்தார். ஈரமில்லாத இடமாகப் பார்த்து ஒரு சாக்கை விரித்து, எது எப்படிக் காருக்குள் இருந்ததோ அதே வாக்கில் வைத்தார். இடப்பக்கத்துச் சாமான் இடப்பக்கம், வலப்பக்கத்துச் சாமான் வலப்பக்கம். பல் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அந்தப் பக்கம் பார்த்து. "யாரும் இதத் தொடப்படாது" என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

பேரிங் உள்ளே இறங்கமாட்டேன் என்று சண்டித்தனம் செய்தது. அதோடு மல்லுக்கட்டுவதற்குள் ஆயுத பூசை வந்துவிட்டது. அன்றைக்கு ஆயுதத்தைத் தொட்டு வேலை செய்யக்கூடாது. சுத்தியல் முதல் அரிவாள் வரை சாமி முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் குளித்துத் திருநீறு பூசி, தோட்டத்து ஆட்களுக்குப் பொரிகடலை கொடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள், தொட்டது துலங்கும் என்று விடிந்ததும் வேலையை ஆரம்பித்தார்கள். மாலைக்குள் அச்சு மேலே ஏறிவிட்டது. அதற்கு அடுத்த நாள் முற்பகலில் சக்கரங்களும் ஏறின. பிரேக் கம்பிகளைப் பூட்டி, கூட்டில் எண்ணெய் ஊற்றி, சங்கிலியை அவிழ்த்தார்கள். வெளியே பனிமூட்டமும் தூற்றலும். நாலு சக்கரத்துக்கு முன்னாலும் என் மாமியார் எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரம் காட்டி, "ம், நசுக்கிட்டுப் போ" என்றார்.

கொழுந்தன் முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்ற, இன்ஜின் பிடித்தது. கொழுந்தன் விலகிக்கொண்டதும் அவர் முதல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார்.

கார் பின்னால் போனது.

பின்னால் போய், அடியிலிருந்து எடுத்துச் சுவரோரம் அடுக்கியிருந்த மரத்துண்டுகளில் மோதி நின்றது. பழம் நாலும் வைத்த இடத்தில் வைத்தபடி. அவர் கம்பியைப் பார்த்தார், மறுபடி போட்டார், மறுபடியும் பின்னாலேயே உந்தியது. இரண்டாவது கியரைப் போட்டார். அதற்கும் பின்னால்தான். என் மாமியார் நின்ற இடத்திலேயே சப்பென்று உட்கார்ந்துவிட்டார். கர்ப்பிணிக்காகப் பூட்டிய வண்டி முதல் அடியே பின்னால் வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொழுந்தன்தான் அடியில் படுத்து, கூட்டில் எண்ணெய் ஊற்றுகிற துளை வழியாக விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தான். "அண்ணே, பெரிய சக்கரம் எடம் மாறிக் கெடக்கு. இடப்பக்கம் இருக்க வேண்டியது வலப்பக்கம் ஏறியிருக்கு. அதான் சுத்து தலைகீழாப் போகுது."

"நான் சாக்குல வச்ச மாதிரிதானடா மாட்டுனேன்?" என்றவர் பாதியில் நிறுத்திவிட்டு மெதுவாகத் தம் அம்மா பக்கம் திரும்பினார். "ஆத்தா, பூசைக்கு அந்தச் சாமானை எடுத்தியா?"

"பின்ன எடுக்காம? தரையக் கழுவ வேணாமா? எடுத்து, தொடச்சு, பொட்டு வச்சு, அப்பிடியே திரும்ப வச்சேன்."

"அப்பிடியேவா?"

"அந்தப் பெரிய சக்கரம் சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. யாராச்சும் சாமிக்கு முதுகக் காட்டுவாகளா? முகத்தத் திருப்பி வச்சேன். மத்ததையும் அதுக்குத் தோதா மாத்தி வச்சேன்."

துளை வழியாக மறுபடி பார்த்தால் உண்மைதான். பெரிய பல்சக்கரத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் மாமியார் சந்தனம் வைத்திருந்தார், இண்டு இடுக்கில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தனத்தைப் பார்த்தும் என் வீட்டுக்காரர், இருந்த இடத்திலேயே பொட்டு வைத்திருக்கிறார்கள் என்று நம்பி, சாக்கில் இருந்தபடியே மாட்டிவிட்டார். அவருக்குக் கோபத்தில் முகம் கறுத்தது. சாமி பெயரைச் சொன்ன பிறகு திட்டவும் முடியவில்லை. "சரி, திரும்பக் கழட்டணும். ரெண்டு நாள்" என்றார்.

அப்போதுதான் எனக்கு முதுகில் ஆரம்பித்து முன்பக்கம் சுற்றிக்கொண்டு வந்தது. முதல் தடவை தெரியாத வலி, இந்தத் தடவை நன்றாகத் தெரிந்த வலி. நாள் இன்னும் இருந்தது. நாள் இருந்தால் என்ன, வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு, "அத்தை" என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"மாட்டுவண்டியப் பூட்டுங்கடா" என்றார் மாமியார்.

"மாட்டுவண்டியில ஏறமாட்டேன்." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "வெட்டிப் போட்டாலும் ஏறமாட்டேன்."

கொழுந்தன் காரைச் சுற்றி வந்தான். "அண்ணே, முன் கியரப் போட்டா பின்னால போகுது. அப்ப ரிவர்ஸப் போட்டா முன்னால போகணும்ல?"

போட்டுப் பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு கார் முன்னால் நகர்ந்தது. பழங்கள் நசுங்கின. "இது கணக்குல சேராது" என்றார் என் மாமியார். அந்தக் காரில் நான் ஏறவே கூடாது, பிள்ளையைப் பலி கொடுக்கவா போகிறீர்கள் என்று வழியை மறித்துக்கொண்டு நின்றார். நான் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் ஏறினேன். எனக்கு மட்டும் பயமில்லையா? அந்தக் காரைப் பார்க்கவே நடுக்கமாகத்தான் இருந்தது. மாட்டுவண்டியைப் பார்த்தால் அதைவிட நடுக்கம். மாமியார் உள்ளே போய்ப் பழைய சேலைகளை அள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் ஏறினார். "தள்ளி உக்காரு. போனாச் சேந்தே போவோம்" என்றார்.

முன்னால் போவதற்கு அந்த ஒரே கியர்தான். நடந்து போகிறவன் கொஞ்சம் வேகமாக நடந்தால் எங்களைத் தாண்டிவிடுவான். ஆனால் சத்தம் மட்டும் காடு முழுக்கக் கேட்டது. மழைக்கு ஓரத்துப் படுதாக்களை இறக்கிவிட்டதால் உள்ளே இருட்டு, எண்ணெய் வாடை. கொழுந்தன் வெளியே படியில் தொற்றிக்கொண்டு நின்றான், கையில் முட்டுக்கட்டையோடு. வண்டி எங்காவது நின்றால் குதித்துச் சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டும். ஒவ்வொரு வலிக்கும் மாமியாரின் கையை நான் நெரித்தேன். ஒருவழியாகக் குமுளிக்கு வந்து சேர்ந்தோம். மெய்யான மலையிறக்கம் அதற்கப்புறம்தான்.

குமுளியிலிருந்து கீழே இறங்குகிற பாதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது அகலமாகச் சுவர் கட்டியிருக்கிறார்கள். அப்போது ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. மேகம் கீழேயிருந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே அரிசி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் வரிசையாக ஏறி வந்தன. காரின் சத்தத்தில் முதல் வண்டி மாடுகள் மிரண்டு குறுக்கே திரும்பின. அவர் பிரேக்கை அழுத்திச் சரிவோரமாக நிறுத்தினார். வண்டிக்காரர்கள் கையை ஆட்டிக் கத்தினார்கள். கொஞ்சம் பின்னால் எடுத்தால்தான் வழி.

அவர் கை கியர்க் கம்பிக்குப் போனது. எத்தனையோ தடவை பின்னால் எடுத்துப் பழகிய கை அது. ரிவர்ஸைப் போட்டது.

கார் முன்னால் பாய்ந்தது. என் மாமியார் என்மேல் விழுந்தார். படுதா இடுக்கில் பார்த்தேன், ரோடு தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. அவர் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்ததில் இன்ஜின் அணைந்து கார் குலுங்கி நின்றது. கொழுந்தன் முன்சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துவிட்டு அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். சக்கரத்துக்கு முன்னால் ஒரு முழம் மண் இருந்ததோ என்னவோ.

கொழுந்தன் எழுந்து, ஓரத்தில் காலைப் பார்த்து ஊன்றி, ஹேண்டிலைச் சுற்றினான். இன்ஜின் பிடித்தது. இவர் கிளச்சை மிதித்தபடியே இருந்தார், கியரைத் தொடவில்லை. கை கம்பிக்குப் போகிறது, எடுத்துக்கொள்கிறார், மறுபடி போகிறது. "எனக்கு மறந்துபோச்சு" என்றார். "எது முன்னால, எது பின்னாலன்னு மறந்துபோச்சு. நீங்கள்லாம் எறங்கிருங்க." அந்த மனிதர் அப்படிப் பேசி நான் கேட்டதே கிடையாது. எனக்கு வந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. அதோடு ஒரு வலியும் வந்து போனது. அது போன பிறகு முன்சீட்டைப் பிடித்து எழுந்து அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கார் ஓட்டத் தெரியாதவள் நான். எனக்குத் தெரிந்தது அந்தக் கம்பி மட்டும்தான்.

"ஏங்க, ரிவர்ஸ் எங்கிட்டு இருக்கு? கம்பிய முன்னாலதான தள்ளுறீங்க?"

"ஆமா."

"முதல் கியருக்குப் பின்னாலதான இழுக்குறீங்க?"

"ஆமா."

"அப்ப ஒண்ணும் நினைக்காதீங்க. கியரு பேரையே நினைக்காதீங்க. முன்னால போகணும்னா கம்பிய முன்னால தள்ளுங்க. பின்னால போகணும்னா பின்னால இழுங்க. இப்பப் பின்னால இழுங்க."

கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்னால் இழுத்தார். கார் பின்னால் வந்தது. கொழுந்தன் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து தொற்றினான். மாட்டுவண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. "முன்னால தள்ளுங்க" என்றேன், தள்ளினார். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு வளைவிலும் நான் சொன்னேன், அவர் செய்தார். இடையில் வலி வந்து என்னால் பேச முடியாதபோது மாமியார் சொன்னார்.

அடிவாரத்தில் ரோடு நேரானதும் அவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தார். அந்த ஊளைச் சத்தம் அப்படி ஏறியது, என் கத்தலே என் காதில் விழவில்லை. கம்பம் இன்னும் வெகுதூரம். தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. நான் அவர் முதுகைக் குத்தினேன், நிறுத்துங்கள் என்றேன். வேகமாகப் போகச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. நிறுத்தினால் மறுபடி அந்தக் கம்பியைத் தொட வேண்டும். அதற்கு அவருக்குத் தைரியம் இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

ஓடுகிற வண்டியில், அந்த இருட்டில், பிள்ளை வெளியே வந்தது. மாமியார் குனிந்து ஏந்திக்கொண்டார். அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. "அத்தை, அழுகுதா?" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. ஏதோ துடைத்தார், தட்டினார், சேலையில் சுற்றினார். பிறகு நிமிர்ந்தார். முகம் முழுக்கக் கண்ணீர். வாய் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது, ஒரு சொல்கூட என்னிடம் வரவில்லை, அந்தச் சனியன் பிடித்த கியர்ச் சத்தம் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. இதுவும் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

கொழுந்தன் படுதாவை விலக்கி உள்ளே பார்த்திருக்கிறான். வெளியே நின்றபடியே கையை நீட்டி இன்ஜின் சுவிட்சை அணைத்துவிட்டான். கார் கொஞ்ச தூரம் உருண்டு நின்றது.

"ஏண்டா அணைச்ச?" என் வீட்டுக்காரர் திரும்பாமலே கத்தினார். "கம்பம் போக வேணாமா? ஏண்டா அணை..."

பாதியில் நின்றார். அவருக்கும் கேட்டுவிட்டது. என் மாமியாரின் மடியில், சேலைக்குள், பிள்ளை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகக் கத்தியதோ, பாவம்.